திருவல்லிக்கேணித் தீவிரக் கட்சியாரும் பிறநாட்டுத் தேசியத் தீவிரரும்

நம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்காளத்து நாவலர் விபின சந்திர பாலர் சில மாலைப்பொழுதுகளில் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். ஒலிபெருக்கிக் கருவி நம்மூரை எட்டாத காலம் அது. பேச்சும் ஆங்கிலம். ஆயினும் மக்கள் திரள்திரளாக வந்து மணலில் நெருங்கியமர்ந்து கேட்டனர். அவருள்ளும் மாணவர் மிகுதி. பாலரை இங்கு வருவிக்க முயன்றவருள் முன்னின்றவர் சுப்பிரமணிய பாரதியார். அக்கடற்கரையின் ஒரு பகுதி பின்னாளில் திலகர் கட்டம் எனப் பெயர்பெற்றமையும் இக்கூட்டத்தார் நினைவாலேயே என்க.

இக்கூட்டத்தார்க்கு அந்நாளில் வழங்கிய பெயர் தீவிரக் கட்சியார் என்பது. அமிதவாதிகள் என்றும் கூறுவதுண்டு. மிதம் என்பது அளவு. அளவறிந்து கேட்போர் மிதவாதிகள், அளவைக் கடந்து கேட்போர் அமிதவாதிகள். தீவிரம் என்னும் வடசொற்குக் கூர்மை, விரைவு, கடுமை என்பனவெல்லாம் பொருள். அப்பெயரை அவர்கள் வசையாகக் கொண்டிலர், பட்டமாகவே தாங்கினர். இந்நாளிலோ தீவிரவாதி என்னும் சொல் வெடிகுண்டு வைப்போனுக்கே உரியதாயிற்று. வகுப்பிலே பாரதியார் வரலாற்றைக் கற்பிக்குங்கால், “ஐயா, அப்படியானால் அவரும் தீவிரவாதியா?” என்று பிள்ளைகள் வினவுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. சொல்லின் பொருள் மாறிவிட்டது என்று விடையிறுத்து அப்பாற் செல்லலாம். அது பாதி விடையே. ஏனெனில் அக்காலத்திலேயே அவ்வொரு பெயரின்கீழ் ஒன்றோடொன்று ஒவ்வாத கருத்தினர் பலர் நின்றனர். உலகின் பிற நாடுகளிலும் அவ்வாறே நின்றனர். அவர்களை எவ்வாறு பகுத்தறிவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சாதிச் சங்கத்து வெளியீட்டில் இதற்கென்ன இடம் என்று கேட்பார் உளராகலாம். பந்தியில் எவர்க்கு இடம், எவர்க்கு இல்லை என்பதை நம்மைப்போல் நெடுங்காலம் எண்ணியவர் யார்? ஆகவே இதனைக் கேட்டற்கு நாமே தக்கவர்.

1904-ஆம் ஆண்டின் இறுதியில் சுதேசமித்திரனில் அமர்ந்த பாரதியார் 1906-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ என்னும் வாரப் பத்திரிகையின் உயிராக விளங்கினார். பொருளும் துணையும் நல்கியோர் மண்டயம் குடும்பத்தார். அப்பத்திரிகை தன் முகப்பிலே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் மும்மொழியைப் பொறித்து வந்தது. தேசியமாவது தன்னாட்டையன்றிப் பிறிதொன்றை ஏறெடுத்தும் பாராமை என்று கருதுவார் இதனை ஊன்றி நோக்குக. பிறநாட்டார் குருதி சிந்திப் பெற்ற மொழியை நெற்றியில் அணிந்துகொண்டே நம் தீவிரக் கட்சி பிறந்தது.

மிதவாதியரோடு அவர்க்கிருந்த பகையும் ஒருவகைப் பகையே. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதத் தலைவர். பாரதியாரின் கட்சியை வெறுத்தவர். அவரே அப்பாடல்களைக் கேட்டு உளமுருகித் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். இது நிகழ்ந்ததும் 1907-லேயே. அவ்வாண்டு டிசம்பரில் சூரத்து நகரத்துக் காங்கிரஸில் இருகட்சியாரும் கைகலந்து சபை கலைந்தது. பாரதியாரும் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையும் அங்குத் திலகர் பக்கம் நின்றவர்கள். அப்பயணத்தைப் பற்றி ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ என்றொரு சிறுநூலும் பாரதியார் வெளியிட்டார். மயிலைக்கும் அல்லிக்கேணிக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது. அந்நாளில் அது சூரத்து வரையில் நீண்டது.

இவர்கட்கு ஆசான்மார் யாவர்? முதற்கண் இத்தாலியின் மாஜினி. 1805-இல் ஜெனோவா நகரிற் பிறந்த அவர், நாடு கடத்தப்பட்டு மார்செயில் நகரில் வாழ்ந்தபோது 1831-இல் ‘இளைய இத்தாலி’ என்னும் சங்கத்தை நிறுவினார். நாற்பது வயதைக் கடந்தோர்க்கு அச்சங்கத்தில் இடமில்லை என்பது விதி. நம்மனையோர் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான். அச்சங்கத்தாரின் உறுதிமொழியைப் பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கினார். அதே காலத்தில் இலண்டனிலிருந்த சாவர்க்கர் மாஜினியின் தன்வரலாற்றை மராத்தியில் மொழிபெயர்த்தார். ஒரே ஆசானிடம் பயின்ற மாணவர் இருவர் இருவேறு பாடங்களைக் கற்றுவருதல் பள்ளியில் நாம் நாடோறும் காண்பதே. மாஜினி 1834-இல் இத்தாலியர், ஜெர்மானியர், போலந்தியர் முதலியோரைக் கூட்டி ‘இளைய ஐரோப்பா’ என்றொரு சங்கமும் கண்டவர். நாடு என்பது மனிதகுலம் என்னும் மாளிகைக்கு ஏறும் படி என்பது அவர் கொள்கை. அவ்வேடும் அவரிடமுண்டு, மறைவான ஆயுதப் போரைக் கற்பிக்கும் ஏடும் உண்டு. எதனைப் பிரித்துப் படித்தார் என்பதைப் பொறுத்து மாணவர் வேறுபட்டனர்.

1909-இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலிற் செல்லுங்கால் காந்தியடிகள் ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலை எழுதினார். அது ஆயுதக் கட்சியாரோடு அவர் நடத்திய வாதமே. அதில் இத்தாலியைப் பற்றித் தனி அதிகாரம் உண்டு. ஆஸ்திரியர் போயினர்; இத்தாலிய அரசர் வந்தனர்; உழைக்கும் இத்தாலியர்க்குக் கிடைத்தது யாது என்பது அடிகள் எழுப்பிய வினா. அவ்வினாவைக் கையிற்கொண்டு நாம் தூத்துக்குடிக்குச் செல்வோம்.

சிதம்பரம் பிள்ளை 1906-இல் நிறுவிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25. தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். பெருந்தொகைக்குப் பங்கு வாங்கி அதனைத் தாங்கிய வணிகர் ஹாஜி முகமது பக்கீர் சேட். சைவ வேளாளர் ஒருவர் முயற்சி, மறவர் குலத்து வள்ளல் தலைமை, முகம்மதிய வணிகர் பொருள். இவ்வளவிலேயும் அமையவில்லை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கப்பல் முதலாளியாகிய பிள்ளை அவர்கட்குத் தலைவராய் நின்றார். உடன் நின்று முழங்கியவர் சுப்பிரமணிய சிவம். ஒன்பது நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. வெள்ளையர் பக்கம் சாய்ந்தோர்க்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தனர், வண்ணார் துணியெடுக்க மறுத்தனர் என்று அவ்வூரார் இன்றும் சொல்லுவர்.

இங்கே அயர்லாந்து நினைவுக்கு வருகின்றது. பகிஷ்காரம் என்று நம்மவர் மொழிபெயர்த்த ‘பாய்காட்’ என்னும் சொல் ஒரு மனிதரின் பெயர். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பண்ணைக் காரியக்காரராயிருந்த காப்டன் பாய்காட் என்பவர் குடிவாரத்தினரை வெளியேற்ற முற்பட்டார். அவர்க்கு எவரும் ஏவல் செய்திலர், பண்டம் விற்றிலர், கடிதமும் கொணர்ந்திலர். அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கொணரவும் அவர்கட்குக் காவலாகப் பட்டாளத்தை நிறுத்தவும் நேர்ந்தது. கத்தியின்றி ஒரு கடுமை! ஊரிலிருந்து ஒதுக்கிவைத்தல் என்பது நம் நாட்டிற் பெரும்பாலும் வலியார் எளியார்மீது ஏவிய படை. மேயோவிலும் தூத்துக்குடியிலும் அது திரும்பிற்று. இதனை நாம் வியக்காதிருத்தல் இயலாது.

1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பிள்ளையும் சிவமும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. நகரசபை அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு நால்வர் இரையாயினர். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிற் பிள்ளை செக்கிழுத்ததை நம் சிறுவரும் அறிவர். கம்பெனி முறிந்து 1911-இல் கலைந்தது. சென்னையிலோ ‘இந்தியா’வின் பதிவுபெற்ற ஆசிரியர் சிறை புக, பாரதியார் புதுச்சேரி சென்றார்.

ஓர் இடைப்பிறவரல். இந்நாளில் ஒவ்வொரு சங்கமும் தத்தம் குலத்துத் தலைவர் என்று இப்பெரியாரைப் பங்கிட்டுச் சுவரொட்டி ஒட்டுகின்றது. பக்கீர் சேட்டின் படத்தை எந்தச் சுவரிலும் நாம் கண்டதில்லை. கோரல் ஆலையில் நின்ற தொழிலாளரின் பெயர்களைத் தேடுவாரும் அரியர்.

இனி மற்றொரு தீவிரத்துக்கு வருவாம். தலைவர்கள் சிறைப்பட்டு, பத்திரிகைகள் ஒடுங்கி, வெளிப்படப் பேசும் வழியெல்லாம் அடைபட்ட மூன்றாம் ஆண்டில், 1911 ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில் இரயில் வண்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷ் துரையைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். உயிரைத் துரும்பாக மதித்த அவ்விளைஞனின் துணிவை ஐயுறுவார் எவருமிலர். ஆயின் அவன் சட்டைப்பையிற் கிடைத்த கடிதத்தை நாம் படித்தல் வேண்டும். ஆங்கிலேயரை மிலேச்சர் என்றும், அவர் சனாதன தருமத்தைக் காலில் மிதிக்கின்றனர் என்றும் அது கூறுகின்றது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் குறித்து அதில் வந்த சொல் ‘ஐந்தாமவன்’ என்னும் எண்ணுப்பெயரோ, தீண்டாதார் எனத் தள்ளப்பட்டோரைக் குறித்த ‘பஞ்சமர்’ என்னும் வசையோ என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். இலக்கணம் இரண்டிற்கும் இடம் தரும். எப்பொருள் கொள்ளினும் ஒன்று தெளிவு: ஆலைக்கூலியைக் கேட்ட தேசியமும் இக்கடிதத்தின் தேசியமும் ஒன்றல்ல. கப்பற் கம்பெனியில் பக்கீர் சேட்டுக்கு இருந்த இடம் இக்கடிதத்தில் இல்லை.

மூன்றாண்டு கழித்து ஐரோப்பாவின் தென்கிழக்கில் இதையொத்த நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. 1914 ஜூன் 28-ஆம் நாள் சரயேவோ நகரில் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் பத்தொன்பது வயது மாணவன் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியாரையும் சுட்டான். அவனோடு சேர்ந்து காத்திருந்தோருள் முகம்மதிய இளைஞன் ஒருவனும் இருந்தான். ஆனால் துப்பாக்கியைக் கொடுத்தது செர்பியாவின் ‘கருங்கை’ என்னும் மறைவுச் சங்கம். அது வேண்டியது செர்பியர் தலைமை. எளிய இளைஞன் எதை நினைத்துச் சுட்டான் என்பதும், அவன் கையில் ஆயுதம் வைத்தவர் எதை நினைத்தனர் என்பதும் இங்கே வேறு வேறு. அக்குண்டின் எதிரொலி நம்மூரையும் எட்டியது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. ஊரார் மூட்டைமுடிச்சுகளோடு ஓடினர். எம்டன் என்பது சாமர்த்தியக்காரனுக்குப் பெயராக இன்றும் நம் பேச்சில் நிற்கின்றது.

அயர்லாந்தை மீண்டும் பார்ப்போம். ஏனெனில் அங்கு இவ்விருவகையும் ஒரே இயக்கத்துள் அடுத்தடுத்துக் காணக் கிடைக்கின்றன. ‘நாமே’ என்னும் பொருள்படும் சின் பேன் இயக்கத்தை 1905-இல் தொடங்கியவர் ஆர்தர் கிரிபித். நம் சுதேசியத்துக்கு அது அண்டை வீடு. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று டப்ளின் நகரில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். தாய்மொழியை உயிர்ப்பிக்கவேண்டித் தாமே ஒரு பள்ளி கண்டவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவர்பால் நமக்கோர் ஒட்டுதல் உண்டு. அவர் படித்தறிவித்த சாசனம், சமய வேறுபாடின்றி எல்லார்க்கும் சம உரிமை தருவதாக உறுதிகூறிற்று. மே 3-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றனர். ஆனால் கிரிபித் 1913-இல் பழைய அயர்லாந்துத் தீவிரர் ஜான் மிட்செலின் சிறைக்குறிப்பு நூலுக்கு ஒரு முன்னுரை எழுதினார். மிட்செல் அமெரிக்காவிற் குடியேறி ஆங்குக் கறுப்பின மக்களை அடிமையாக்கி வைத்திருந்தோரை ஆதரித்தவர். அயர்லாந்தின் தேசபக்தன் ஒருவன் நீக்ரோவைத் தனக்கு நிகராக ஏற்க மறுத்தால் அதற்குச் சமாதானம் கூறவேண்டுவதில்லை என்பது கிரிபித்தின் முடிவு. அடிமைத்தளையை அறுக்க எழுந்தவர் மற்றவர் காலில் அதனைக் காணாதொழிதல் எத்துணை எளிது!

ஆளப்பட்டோரின் தீவிரம் ஆள்வோர் கையிற் புகும்போது நிகழ்வதை விரித்தெழுதின் ஏடு கொள்ளாது. 1807-08 குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படை பெர்லினைப் பற்றியிருக்க, அந்நகரில் நின்று ஜெர்மானிய இனத்தாரை விளித்து உரையாற்றிய தத்துவ ஆசிரியர் பிக்டே தோற்ற மக்களின் நாவாகவே பேசினார். மொழியே நாட்டின் உயிர் என்ற அவர் கருத்து அன்று எளியோர்க்கு அரண். வென்று வல்லரசாகிய நாட்டில் அவ்வரண் சிறைமதிலாயிற்று. 1935-இல் குருதியை அளந்து குடியுரிமை வகுத்த சட்டம் வந்தது. பின்னர் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். இத்தாலியில் மாஜினியின் பெயரையும் முசோலினியின் கட்சியார் விட்டுவைத்திலர்; அவரையும் தம் முன்னோராக எண்ணிக்கொண்டனர்.

ஜப்பானின் செய்தி நமக்கு அணித்தானது. 1905-இல் அது ருஷியரை வென்றபோது ஆசியா முழுவதும் மகிழ்ந்தது. ஐந்தாண்டில் கொரியாவை விழுங்கிற்று. 1942-43-இல் சயாம்–பர்மா இரயில் பாதையை இடும் வேலைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டனர். ஆசியர்க்கே ஆசியா என்ற முழக்கத்தின்கீழ் அவர்கள் மாண்டனர். அதே மலேயாவில், அதே ஆண்டில், சுபாஷ் சந்திர போஸின் படையில் தமிழ்ப் பெண்டிரும் துப்பாக்கி ஏந்திப் பயின்றனர். ஒரே தோட்டத்து இருவர், ஒருவர் பாதைக்கும் ஒருவர் படைக்கும் சென்றிருத்தல் கூடும். இதனைக் கதையாக எழுத வல்லார் எழுதுக.

ஈழத்தைக் கூறாது விடுதல் கோழைமை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1956-இல் சிங்களமே ஆட்சிமொழி என்றாயிற்று. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏட்டுச்சுவடியோடு வாழ்ந்த நம்மனோர்க்கு அத்தீ இன்னும் ஆறவில்லை. 1983-இல் கொழும்பிலும் பிறவூர்களிலும் தமிழர் கொல்லப்பட்டனர். இத்துணைக்கும் எதிராகவே இளைஞர் ஆயுதம் தூக்கினர் என்பது மெய். ஆயினும் 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் நூற்றுவர்க்கு மேற்பட்டார் சுடப்பட்டனர். அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரவர்க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவர்க்குத் தந்த காலம் இரண்டு மணி நேரம். அவர்கள் வீட்டிற் பேசிய மொழியும் தமிழே. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையில் போர் முடிந்தபோது மாண்ட தமிழ்க் குடிகளை எண்ணி நாம் அழுதோம், அழுதது முறையே. 1990-இன் அக்டோபருக்கு நம் ஊரில் ஒரு கூட்டமும் கூடியதாக நமக்கு நினைவில்லை.

பிறர் வீட்டுப் பந்தியைக் கூறிவிட்டு நம் வீட்டுப் பந்தியை மறைத்தல் அழகன்று. சாவர்க்கரோடு இலண்டனில் இருந்து, மாறுவேடம் பூண்டு தப்பி 1910-இல் புதுச்சேரி அடைந்தவர் வ. வே. சு. ஐயர். தீவிரருள் தீவிரர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், கம்பனை ஹோமர் முதலாயினாரோடு வைத்து ஆராய்ந்தவர். தமிழாசிரியராகிய நாம் அவர்க்குப் பட்ட கடன் பெரிது. அவர் பிற்காலத்தே ஆயுதத்தை விடுத்து, தேசியக் கல்வி தரவேண்டிச் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளிவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் கடிந்தெழுந்தனர். ஐயர் எவரோடும் உடனிருந்து உண்பவரே. அச்சிறுவரின் பெற்றோர்க்கு முன்னரே வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறினார். கொடுத்த வாக்கைக் காத்தல் பெரியோர் இயல்பு. ஆனால் மற்றச் சிறுவர்க்கு அவர் கொடுத்த வாக்கு யாது? தேசத்தின் பிள்ளைகள் என்றழைத்தே அவர்களையும் அங்குக் கூட்டினார். அவ்வழைப்பும் வாக்கே என்பது நம் துணிபு. ஈண்டு ராமசாமியார் பக்கமே நியாயம் நின்றது. 1925-ஆம் ஆண்டு முழுவதும் இப்பூசல் நடந்தது. அவ்வாண்டு இறுதியில் ராமசாமியார் காஞ்சிபுரத்து மாநாட்டினின்றும் வெளியேறினார். பின்னை விளைந்த வரலாறு நாடறிந்தது. சூரத்தில் நாற்காலி வீச்சால் உடைந்த கட்சி ஈண்டு இரண்டு இலைகளால் மீண்டும் உடைந்தது.

ஐயர் அவ்விளைவைக் காண இருந்திலர். ஜூன் 3-ஆம் நாள் பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கக் குதித்து உயிர்நீத்தார்.

அதே ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் சுப்பிரமணிய சிவமும் இறந்தார். சிறையிற் பற்றிய தொழுநோய் உடலைத் தின்ன, இரயிலில் ஏறுதற்கும் தடைவிதிக்கப்பட்டு, கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர்தோறும் சென்றவர் அவர். தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எடுக்க விழைந்தார். எக்குலத்தாரும் எச்சமயத்தாரும் தடையின்றிப் புகுதற்குரிய கோயில் அது. 1923-இல் சித்தரஞ்சன தாசர் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழவில்லை, பொருளில்லை, ஆயுளும் இல்லை. அவ்வூரிலேயே அவரை அடக்கம் செய்தனர். ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின் தமிழ்நாட்டு அரசினர் அவ்விடத்திற் பாரதமாதா நினைவாலயம் ஒன்றைக் கட்டி முடித்தனர். நம் சங்கத்துக் குடும்பத்தார் தருமபுரிப் பக்கம் செல்ல நேரின் அதனையும் கண்டு வருக.